ஓதாத தண்ணீர்

இருபத்தாறு வருடமாக ஒரு வீட்டையே ஆட்டிவைத்த ஜின்னைக் கொழும்பில் ஐம்பது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். பலீல் நானா ஒரு பிளேன்டீ குடித்து, லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ எடுத்து, ஈரக் கையோடு ஆஸ்பத்திரி நடைக்கூடத்துக்குத் திரும்பியபோது வேலை சரி. ஒப்பரேஷன் என்ற சொல்லைக் கேட்ட நாளிலிருந்து மூன்று கிழமையாக மனிசனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் பார்த்தால் வெட்டும் இல்லை, தையலும் இல்லை. தொடையடியில் ஒரு ஊசித் துவாரம், அதன் வழியாக இதயம் வரைக்கும் போன மெல்லிய வயர்கள், அவ்வளவுதான்.

மாத்தளைப் பக்கம் பலாபத்வலையில் மெயின் ரோட்டோரம் மிளகும் கறாம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிற கடை அவருடையது. வயது ஐம்பத்தாறு. உள்ளே படுத்திருந்தது அவருடைய ஒரே தங்கச்சி றஸ்மியா, நாற்பத்துமூன்று வயது, கலியாணம் ஆகாதவள். அவர் மடியில் ஒரு பை இருந்தது, பைக்குள் ஈரத் துவாய் சுற்றிய போத்தல், போத்தலுக்குள் அவர் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஓதி ஊதிக் கொண்டுவந்த தண்ணீர். காலையில் உள்ளே போகும்போது றஸ்மியா அந்தப் பையைப் பார்த்தாள்.

"அத வெளியிலயே வச்சிருங்க நானா."

பயத்தில் பேசுகிறாள் பாவம் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவர் எப்போதும் அப்படித்தான். மற்றவர்கள் வாயைத் திறக்குமுன் அர்த்தத்தை அவரே எழுதி வைத்திருப்பார்.

டொக்டர் அனுஷியா வெளியே வந்தார். எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், மாத்தளை ஆட்கள் என்று தெரிந்ததிலிருந்து தனிப் பிரியத்தோடு பேசுவார். தலைத்தொப்பியைக் கழற்றிக்கொண்டே பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

"முடிஞ்சிருச்சு நானா. நல்லா இருக்காங்க. பின்னேரம் வரைக்கும் கால மடக்காம படுத்திருக்கணும். இனி அது வராதுன்னே வச்சுக்கங்க."

"அல்ஹம்துலில்லாஹ். என்னதான் டொக்டர் ஈந்திச்சி உள்ளுக்கு?"

"நம்ம எல்லாருக்கும் நெஞ்சுக்குள்ள கரண்டு எறங்க ஒரு பாதை. ஒங்க தங்கச்சிக்குப் பொறந்ததுலேர்ந்தே ரெண்டு. சில நேரம் கரண்டு ஒண்ணுல எறங்கி மத்ததுல ஏறி, வெளிய போகத் தெரியாம சுத்திக்கிட்டே நிக்கும். அப்பதான் நெஞ்சு நிமிஷத்துக்கு இருநூறு தடவ அடிக்குது. வயர் நுனியால அந்த ரெண்டாவது பாதைக்குச் சூடு வச்சு மூடிட்டோம்." தொப்பியை மடித்துக்கொண்டே கேட்டார். "ஆமா, இத்தன வருஷம் மருந்து ஒண்ணும் இல்லாம எப்படி சமாளிச்சீங்க? வந்தா எப்படி நிக்கும்?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தவர்போல் பலீல் நானா நிமிர்ந்து உட்கார்ந்தார். பையைத் தட்டிக் காட்டினார்.

"நான் தண்ணி ஓதிக் குடுப்பேன் டொக்டர். மொகத்தில நல்லா அடிச்சி, மிச்சத்தக் குடிக்கக் குடுப்பேன். ரெண்டு நிமிஷம் போகாது. சுவிச்சை அமத்தின மாதிரி நின்டிரும்."

"ஐஸ் தண்ணியா?"

"ஃப்ரிஜ்ஜில வச்ச தண்ணி."

"அதான பார்த்தேன்!" டொக்டர் சிரித்தார். "குளுந்த தண்ணி மொகத்துல பட்டா ஒரு நரம்பு முழிச்சிக்கிட்டு நெஞ்சுக்கு பிரேக் போடும். நாங்களே நோயாளிகளுக்குச் சொல்லிக் குடுக்குறதுதான். நல்ல வேலதான் செஞ்சிருக்கீங்க."

டொக்டர் பாராட்டித்தான் சொன்னார். பலீல் நானாவுக்கு யாரோ பளாரென்று கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

"அப்ப... ஓதாட்டியும் நின்டிருக்குமா?"

டொக்டரின் சிரிப்பு அடங்கியது. மனிசன் என்ன கேட்கிறார் என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது.

"ஓதுறத நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் நானா. எங்கம்மா திருநீறு பூசாம என்ன ஒரு பரீட்சைக்கும் அனுப்பினதில்ல. ஆனா திருநீறும் பூசுனாங்க, படிக்கவும் வச்சாங்க. நீங்களும் ஓதிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கலாம். நெஞ்சு ஓடுற நேரத்துல எடுத்த ஈ.சி.ஜி. ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தா, பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே இத முடிச்சிருக்கலாம்."

டொக்டர் எழும்பிப் போய்விட்டார். பலீல் நானா எழும்பவில்லை. ஓதாட்டியும் நின்டிருக்குமா என்று அவர் கேட்டாரே, அந்தக் கேள்வி அவருடையது இல்லை. இருபத்துநாலு வருடத்துக்கு முன்னால் றஸ்மியா கேட்டது. அவள் கேட்டபோது அவர் என்ன செய்தார் என்பது இப்போது வரிவரியாக ஞாபகம் வந்தது.

முதல்முதல் அது வந்தபோது றஸ்மியாவுக்குப் பதினேழு வயது. ஏ.எல். வகுப்பில் உயிரியலில் அவளை அடிக்க ஆளில்லை. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் கொப்பியும் கையுமாக இருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். முகம் வெளுத்து, கழுத்து நரம்பு இரண்டும் தவளைத் தொண்டைபோலத் துடித்தன. உம்மா கத்திய கத்தில் ரோட்டே கூடிவிட்டது. வாப்பா ஸக்கரியா ஹாஜியார் ஃப்ரிஜ்ஜைத் திறந்து கிளாஸில் தண்ணீர் எடுத்து, ஓதி ஊதி, மகளுடைய முகத்தில் விசிறி அடித்தார். டக்கென்று நின்றது. எதுவுமே நடக்காததுபோல் பிள்ளை எழும்பி உட்கார்ந்து, எல்லாரும் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டது.

வருத்தம் என்றால் மெல்ல வந்து மெல்லப் போகும். காய்ச்சலைப் பாருங்கள், இருமலைப் பாருங்கள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, சொன்னவுடன் வெளியே போகிறதென்றால் அது என்ன? பேச்சுக் கேட்கிற ஒன்றுதானே பேச்சுக்கு அடங்கிப் போகும்? அந்த வீட்டில் அன்றைக்கே தீர்ப்பு எழுதியாயிற்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்களே, இங்கே காக்கை உட்கார்ந்த தடவையெல்லாம் பழம் விழுந்தது. நம்பாமல் என்ன செய்வார்கள்?

அடுத்த வருடம் வாப்பா மவுத்தானார். அதற்கு இரண்டு நாள் முந்தி மகனுடைய கையைப் பிடித்து, "தங்கச்சிய ஒன்ட கையில அமானத்தா தாறேன் மவன்" என்றார். ஓதலையும் சொல்லிக் கொடுத்தார். பலீல் அந்த அமானத்தை, அந்த அடைக்கலப் பொருளைக் காப்பாற்றினார், சும்மா சொல்லக் கூடாது. எந்த நேரம் கூப்பிட்டாலும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். ஃப்ரிஜ்ஜில் எப்போதும் ஒரு போத்தல் தயாராக இருக்கும். நாள் போகப் போக அக்கம்பக்கத்து ஆட்களும் பிள்ளைக்குக் கண்ணூறு, மருமகளுக்குத் தலைவலி என்று தண்ணீர் வாங்க வரத் தொடங்கினார்கள். ஒரு சதம் வாங்க மாட்டார். ஆனால் பெருமை வாங்கினார், அதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

றஸ்மியாவுக்குப் பேராதனைக் கெம்பஸ் கிடைத்தது. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அவள் கடைக்கே ஓடிவந்தாள். அவர் படித்துப் பார்த்தார், சந்தோஷப்பட்டார், கண்ணும் கலங்கினார். பிறகு கேட்டார்.

"ஹொஸ்டல்ல வச்சி வந்தா யாரு புள்ள ஓதுவாங்க?"

அதோடு அந்தக் கடிதம் அலுமாரிக்குள் போய்விட்டது. அவள் ஒரு தையல் மெஷின் கேட்டாள், நல்லதாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தார்.

அவளுக்குப் பத்தொன்பது நடக்கும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. அவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவள் குசினிக் கதவடியில் நின்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம், கணக்கு சரிவந்த பிள்ளைக்கு வருமே, அது.

"நானா, நேத்து நீங்க இல்லாத நேரம் வந்திச்சி. நானே ஃப்ரிஜ்ஜ திறந்து சும்மா தண்ணி எடுத்து மொகத்தில அடிச்சேன். நின்டிச்சி. ஓதின போத்தல் இல்ல, மத்தது. அடுத்த முற நீங்களும் ஒருக்கா ஓதாம தந்து பாருங்களே. அப்பயும் நின்டா இது ஜின் இல்ல. ஏதோ வருத்தம். மருந்து ஈக்கும்."

பத்தொன்பது வயதுப் பெண் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்ததை ஒரு பெரிய டொக்டர் கொழும்பில் வைத்து உறுதி செய்ய இருபத்துநாலு வருடம் போக வேண்டியிருந்தது. அன்றைக்குப் பலீல் நானா செய்தது என்ன? கையிலிருந்த சாவிக் கொத்தைச் சுவரில் எறிந்தார்.

"அல்லாட கலாமோட வெளையாடுறியா? வாப்பா பொய்யா? நான் பொய்யா? இனி இந்தப் பேச்சு இந்த ஊட்டில வரக் கூடாது!"

வரவில்லை. அதற்குப் பிறகு றஸ்மியா அதைப் பேசியதே இல்லை. அவர் ஓதினார், அவள் முகத்தைக் காட்டினாள், அது நின்றது.

பிறகு உக்குவளையிலிருந்து ஸுஹைல் மாஸ்டருக்காகப் பெண் கேட்டு வந்தார்கள். நல்ல பிள்ளை, கணித ஆசிரியர், றஸ்மியாவை எங்கேயோ பார்த்து அவனே கேட்டு வந்தது. அவளுக்கும் விருப்பம் என்று வீட்டுக்கே தெரிந்தது, மெஷினடியில் அவள் பாட்டு முணுமுணுத்த காலம் அது ஒன்றுதான். திகதி குறிக்க வந்த அன்றைக்குப் பலீல் நானா மாப்பிள்ளையின் வாப்பாவைத் தனியாக அழைத்துப் போய், தங்கச்சிக்கு ஜின் கோளாறு ஒன்று இருக்கிறது, மறைத்துக் கட்டிக் கொடுத்தால் நாளைக்கு அல்லாவிடம் பதில் சொல்ல வேண்டும் என்று உண்மையைச் சொன்னார். உண்மையாம் உண்மை! அவர்கள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். கதை உக்குவளையிலிருந்து மாத்தளை முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

இவ்வளவும் அறியாமல் செய்தது என்று விட்டுவிடலாம். அவரே அப்படித்தான் மனதைத் தேற்றப் பார்த்தார், கொழும்பு நடைக்கூடத்தில் உட்கார்ந்து. ஆனால் ஒன்றுக்கு மட்டும் சமாதானம் கிடைக்கவில்லை.

பதினைந்து வருடத்துக்கு முன்னால், உம்மாவின் சீனி வருத்தத்துக்காக டவுனில் ஒரு டிஸ்பென்சரிக்குப் போனபோது, றஸ்மியாவே தன்னுடைய கதையையும் அங்கிருந்த இளம் டொக்டரிடம் சொல்லிவிட்டாள். அவர் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, வாயாலும் சொன்னார். அது ஓடுகிற நேரத்தில், நிற்குமுன், கொண்டுவந்து ஈ.சி.ஜி. எடுங்கள். நின்ற பிறகு எடுத்தால் ஒன்றும் தெரியாது.

பலீல் நானா அதைத் தட்டவில்லை. நான்கு தடவை வந்தபோது நான்கு தடவையும் த்ரீவீல் பிடித்து டவுனுக்கு ஓடினார். ஆனால் வண்டிக்குள் அவள் மூச்சு முட்டி, கண் செருகி, அவருடைய கையை இறுக்கும்போது மனம் கேட்குமா? மடியில் போத்தல் இருக்கிறது. ஓதி முகத்தில் அடித்தார். நான்கு தடவையும் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன் நின்றுவிட்டது. நான்கு ஈ.சி.ஜி.யும் சுத்தம். கடைசித் தடவை அங்கிருந்த டொக்டர் ஒருவர், "பயம்தான் நானா, கலியாணம் ஒண்டு முடிச்சி வையுங்க, சரியாப் போயிரும்" என்றார். றஸ்மியா தலையைக் குனிந்துகொண்டு சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். நோயைக் காட்டப் போகிற வழியிலேயே நோயைத் துரத்திவிட்டு, காட்ட ஒன்றுமில்லை என்று திரும்பி வந்த குடும்பம் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும்.

"இந்த ஒருக்கா மட்டும் தண்ணி வாணாம் நானா" என்று அவள் சொல்லியிருக்கிறாள், இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ. அவர்தான் கேட்கவில்லை. அவள் துடிப்பதைப் பார்க்க ஏலாமல் செய்தது என்பது உண்மை. வாப்பா கொடுத்த ஓதல் வேலை செய்வதை இன்னொரு முறை பார்க்க ஆசைப்பட்டதும் உண்மை. எது எவ்வளவு என்று இப்போது யார் பிரித்துச் சொல்வது?

கடைசியில் எப்படித்தான் அகப்பட்டது என்றால், போன மாசி மாதம் அவர் மிளகு பார்க்கப் பல்லேபொலைப் பக்கம் போயிருந்த நாளில் அது வந்தது. வீட்டில் இருந்தது அவருடைய மகள் அஸ்ரா மட்டும். வாப்பா இல்லை, போத்தல் இருக்கிறதே என்று பிள்ளை ஃப்ரிஜ்ஜை நோக்கி ஓடியிருக்கிறாள். றஸ்மியா அவளுடைய கையை எட்டிப் பிடித்தாளாம். "தண்ணியத் தொடாதே. த்ரீவீலக் கூப்பிடு." வழியில் பாலம் ஒன்று உடைந்து திருத்திக்கொண்டிருந்தார்கள், வாகனம் ஊர்ந்தது. அஸ்ரா அழுகிறாள், ட்ரைவர் தன்னுடைய தண்ணீர் போத்தலை நீட்டுகிறான், இவள் உதடு நீலம் பூத்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே முக்கால் மணித்தியாலம் அதைத் தாங்கியிருக்கிறாள். ஈ.சி.ஜி. பேப்பர் ஓடி, டொக்டர் அதைக் கிழித்துக் கையில் எடுக்கும்வரை தாங்கினாள். பிறகுதான் மயங்கினாள். அந்தப் பேப்பர்தான் அவளைக் கொழும்புக்குக் கொண்டுவந்தது.

பின்னேரம், அஸர் தொழுகை நேரத்தில் பலீல் நானாவை வார்டுக்குள் விட்டார்கள். றஸ்மியா காலை நீட்டி மல்லாந்து படுத்திருந்தாள். முகத்தில் அப்படியொரு தெளிவு. அவர் கட்டிலடியில் நின்றார். அவளே தொடங்கினாள்.

"என்ன மயக்கல்ல நானா. முழிச்சித்தான் ஈந்தேன். என்ன செஞ்சாங்க தெரியுமா? வயர உள்ளுக்கு விட்டிட்டு, இப்ப அத வரவைக்கப் போறோம், பயப்பட வாணாம்ண்டாங்க. பொத்தான் ஒண்ட அமத்தினாங்க. வந்திச்சி. அதே துடிப்பு, அதே கழுத்து. திரும்ப அமத்தினாங்க. போயிட்டுது. மூணு தரம் வரவச்சாங்க, மூணு தரம் போக்கினாங்க." அவள் கூரையைப் பார்த்தாள். "எனக்கு சிரிப்பு வந்திச்சி. சிரிச்சேன். பொறகு அழுதேன். ஆட வாணாம் மிஸ், வயர் அசையும்ண்டு அந்த நேர்ஸ் புள்ள கண்ணத் தொடச்சி விட்டிச்சி."

பலீல் நானா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"டொக்டர் எனக்கிட்ட எல்லாம் செல்லிட்டாங்க புள்ள. தண்ணியப் பத்தியும்."

"ம்."

"நீ அண்டைக்கே செல்லின."

"ம்."

"என்ன மாப்பு செஞ்சிரு றஸ்மியா. கெம்பஸுக்கும், ஸுஹைல் மாஸ்டர்ட விஷயத்துக்கும், எல்லாத்துக்கும். வாப்பா அமானத்தா தந்த புள்ளைய நான் பாழாக்கிட்டேன்."

ஐம்பத்தாறு வயது மனிசன், வார்டு நிறைய ஆட்கள் பார்க்க, தேம்பித் தேம்பி அழுதார். அவள் கையை நீட்டி அவரைத் தொடவில்லை. படுத்தபடியே சொன்னாள்.

"அண்டைக்கி நீங்க பல்லேபொலைக்குப் போயிருந்தீங்க தெரியுமா? அது தானா அமைஞ்சதெண்டு நெனக்க வாணாம். ரெண்டு வருஷமா ஒவ்வொரு தொழுகைக்குப் பொறகும் நான் கேட்ட துஆ அதுதான். யா அல்லா, அடுத்த முற அத நானா ஊட்டில இல்லாத நாளாப் பாத்து அனுப்புண்டு."

அவருக்கு அழுகைகூட நின்றுவிட்டது. எத்தனை ஆயிரம் தடவை அவர் அவளுக்காக ஓதியிருப்பார். அவளும் ஓதியிருக்கிறாள், அவர் வீட்டில் இருக்கக் கூடாது என்று. அல்லாஹ் யாருடையதைக் கேட்டான் என்பது தெரிந்துவிட்டது.

"மாப்பு விஷயத்த இப்ப கேக்க வாணாம் நானா. யோசிச்சி செல்றேன்" என்றாள்.

ஏழு மாதம் அவள் சொல்லவில்லை. அவரும் இரண்டாம் தடவை கேட்கத் துணியவில்லை. அவள் வழக்கம்போல் சமைத்தாள், தைத்தாள், அவருக்குத் தேத்தண்ணி வைத்தாள். அந்த ஒரு சொல்லுக்காகத் தினமும் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து மனிசன் பாதியாக மெலிந்தார். தண்ணீர் வாங்க வருகிறவர்களிடம், முதலில் போய் ஒரு ஈ.சி.ஜி. எடுங்கள், பிறகு ஓதுவோம் என்றார். பலீல் நானாவின் ஓதலுக்குச் சக்தி போய்விட்டது என்று ஊரில் கதைத்தார்கள். அது அவருக்கு வலிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை றஸ்மியா சீகிரியா ஏற வேண்டும் என்றாள். ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில் இருக்கிற மலை, உலகம் முழுக்க வந்து ஏறிவிட்டுப் போகிறது. அந்தப் பதினேழு வயதில், பாடசாலைப் பயணத்தில் எல்லாப் பிள்ளைகளும் போனபோது வழியில் வந்தால் என்ன செய்வது என்று அவளை மட்டும் அனுப்பாமல் விட்டார்கள். அஸ்ராவும் அவளும் ஏறப் போனார்கள். பலீல் நானாவுக்கு முழங்கால் சரியில்லை, அவர் கீழே வாகனத்தடியில் நின்றார்.

போத்தல் கையில் இருந்தது. குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. வெயில் ஏற ஏற, உச்சியில் எறும்பளவாக ஆட்கள் அசைவதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு பதறியது. மூடியைத் திறந்தார். இருபத்தைந்து வருடப் பழக்கம், உதடு தானாக அசையத் தொடங்கியது. சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மூடியைத் திருகி இறுக்கினார். அவளுக்காக மனதுக்குள் ஓதினார், தண்ணீரைத் தொடவில்லை.

மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு அவர்கள் இறங்கி வந்தார்கள். றஸ்மியாவின் முகம் செக்கச் சிவந்து, வியர்வையில் ஃபர்தா தோளோடு ஒட்டியிருந்தது. அஸ்ரா குரும்பை வாங்கப் போய்விட்டாள். அவர் போத்தலை நீட்டினார். அவள் வாங்கவில்லை. முதலில் கேட்டாள்.

"ஓதினதா?"

"இல்ல புள்ள. சும்மா தண்ணி. நீ அண்டைக்கி கேட்டது."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு போத்தலை வாங்கி, முகத்தில் கொஞ்சம் அடித்து, மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"மேல போய் நின்டப்ப நெஞ்சு படபடண்டு அடிச்சிச்சி நானா. ஐயோ, வந்திட்டுதெண்டு பயந்திட்டேன். ஒரு கல்லில குந்தினேன். தானா மெல்ல மெல்லக் கொறஞ்சிச்சி. மல ஏறினா எல்லாருக்கும் அப்படித்தானாம். நாப்பத்திமூணு வயசில இண்டைக்கித்தான் எனக்கு அது தெரியும்."

"என்ன மாப்பு..."

"மாப்பெல்லாம் அந்த வார்டில வச்சே செஞ்சிட்டேன். செல்லத்தான் மனசு வரல்ல." அவள் வெற்றுப் போத்தலை அவருடைய கையில் வைத்து, அவர் விரல்களை அதன் மேல் மடித்துவிட்டாள். பாடசாலைப் பிள்ளைகள் கூட்டமொன்று வெள்ளைச் சீருடையோடு பஸ்ஸை விட்டு இறங்கி, கத்திக்கொண்டு மலைப் பக்கம் ஓடியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஒங்கள மாப்பு செய்ய எனக்கேலும் நானா. பதினேழு வயசில இதுகளோட ஏறியிருக்க வேண்டியவ ஒருத்தி ஈந்தாளே, அவள்ட நீங்க எப்படிக் கேப்பீங்க?"

பலீல் நானா வெற்றுப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்தபடி, கடைசிப் பிள்ளை மலைப் பாதையில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அஸ்ரா மூன்று குரும்பையோடு வந்தாள், றஸ்மியா போய் வாகனத்தின் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.